பிளக்கைப் பிடுங்கியவன்

ஒசாகாவின் ஒரு வீடியோ விளையாட்டுக் கூடத்தில், ஒரே நிறக் கப்பல்களை வரிசை சேர்த்துச் சுடும் கேம் மெஷினில் மூன்று வருடமாக டோகிகோவின் பெயர்தான் முதலிடம். மீன் வறுத்து விற்கும் கடைக்காரியான அவளிடம் தோற்பது, அங்கே ஆட வரும் முனேட்டாவுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவள் கடைசிக் கட்டத்தை ஆடிக்கொண்டிருந்தபோது பிளக்கைப் பிடுங்கிவிட்டான். திரை இருண்டது, சேமித்த பெயர்களெல்லாம் அழிந்தன.

“கால் தட்டிடுச்சு. போய் மீன் வறு, கிழவி.”

“நீயே சொருகு. முதல்லேருந்து ஆடுறேன். ஓடாம நின்னு பாரு.”

கூடத்தில் இருந்த எல்லோரும் பார்த்ததால் குனிந்து சொருகினான். நாற்பது நிமிடம் அவள் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. தன் பழைய புள்ளிக் கணக்கைத் தாண்டி, முதலிடத்தில் தன் பெயரைப் பதித்துவிட்டுத் திரும்பினாள்.

“இப்பவும் பிடுங்கு. நாளைக்கும் வருவேன்.”

முனேட்டா பிளக்கைத் தொடவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.