பழைய சோறும் விட்ட மாத்திரையும்

பரோட்டாக் கடையை விட்டுத் திருச்செந்தூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் உப்பளம். மறைவுக்கு ஒரு புதர்கூட இல்லை. பெருங்குடலில் புண் உள்ளவனுக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான்.

தூத்துக்குடியில் அந்தக் கடையில் வேலைக்காரர்களுக்குச் சாப்பாடு பரோட்டாதான். பிய்த்துப் போட்டு, சால்னாவில் ஊறவிட்டு, நின்றபடியே தின்போம். ஒரு வருடம் அப்படிப் போனது. பிறகு இரத்தமாகப் போக ஆரம்பித்தது. பெரியாஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்:

"பரோட்டாவாலதான் வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா குடல்ல நல்ல கிருமியும் இருக்கு. நீங்க திங்கிற காய்கறி, பருப்புல செரிக்காம மிஞ்சுததுதான் அதுக்குச் சாப்பாடு. வெறும் மைதாவும் எண்ணெயுமா இறக்குனா அதுக பட்டினி. பட்டினி கெடந்தா குடல் மேல இருக்க வழவழப்பையே அரிக்கும், புண்ணு ஆறாது. மாத்திரைய விடாதீங்க, சாப்பாட்டையும் மாத்துங்க."

இரண்டையும் செய்தேன்; ஆனால் மனதில் பிடித்துக்கொண்டது சாப்பாட்டை மட்டும்தான். வீட்டில் பழைய சோறு, மோர், குழைய வேகவைத்த பூசணிக்காய். மூன்று வாரத்தில் வயிறு அடங்கியது. சோற்றிலேயே குணமாகிறதே, மாத்திரை எதற்கு என்று அதை நிறுத்தினேன். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் கணக்கு அது. சோறும் மாத்திரையும் சேர்ந்துதான் வயிற்றை அடக்கின என்று யோசிக்கவில்லை. சில நாளில் மறுபடி இரத்தம்.

கடையை விட்டுக் கிளம்பிய அன்று மதியம் கல்லில் பரோட்டா கிடக்கும்போதே நான்காவது தடவை ஓடினேன். திரும்பி வந்தபோது எல்லாம் கரிந்திருந்தது. முதலாளி சத்தம் போடவில்லை.

"ஏலே, நீ கடையில வேல பாக்கியா, கக்கூஸ்ல வேல பாக்கியா?"

"ரெண்டு எடத்துலயும்தான் அண்ணாச்சி."

மாவு பிசைகிறவன் சிரித்தான். முதலாளியும் சிரித்துவிட்டார். "அப்ப அங்கனயே இருந்துக்க."

வேலை போயிற்று. கோபத்தில் சொல்லவில்லை என்பதால், ஆறிய பிறகு வந்து கேட்கவும் வழியில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கால் ஓய்ந்த இடத்தில் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை திருச்செந்தூரில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துக் கட்டணக் கழிப்பறையில் ஆள் கேட்டார்கள். குத்தகைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாத்தம் தாங்குவியா?"

"பழக்கம்தான் அண்ணாச்சி. சோத்த நானே கொண்டாந்துக்கிடுதேன். செவ்வாக்கெழம மட்டும் பெரியாஸ்பத்திரிக்குப் போணும்."

"சரி, உக்காரு."

வீட்டிலிருந்து எடுத்துவந்த, இடையில் விட்ட மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, வாசல் மேசையில் உட்கார்ந்தேன். மூன்றாவது கழிப்பறையை மட்டும், தாழ்ப்பாள் சரியில்லை என்று வருகிறவர்களிடம் சொல்லி, எனக்காக வைத்துக்கொண்டேன்.