ஐந்து வாரம் முந்தி வந்த பெயர் நாள்

தானூப் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் வெலினைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவன் என்ன வேலை செய்கிறான் என்பது புரியாது. அவனுடைய அக்கா டோப்ரின்காவைக் கேட்டால் நிதானமாகச் சொல்வாள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைப்பேசிச் செயலி செய்யக் கற்றுத் தருகிறான்; பயன்படுத்த அல்ல, செய்ய. தையல் கூடத்தில் பக்கத்து மிஷின்காரிகளுக்கு இதை இன்னும் சுருக்கமாக விளக்கியிருந்தாள்: சட்டை போடுவது வேறு, சட்டை தைப்பது வேறு.

டோப்ரின்கா எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போனவள். அவளைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவனான வெலின் தலைநகர் சோஃபியாவில் படித்து, அங்கேயே ஒரு பெரிய கம்பெனியில் செயலி எழுதும் வேலையில் இருந்தான். நல்ல சம்பளம். ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கினான். தான் எழுதுவதைப் பயன்படுத்துகிற ஒரு முகத்தைக்கூடப் பார்த்ததில்லை என்று காரணம் சொன்னான். டோப்ரின்காவுக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. அவள் தைக்கும் சட்டைகள் ஜெர்மனிக்குப் போகின்றன. அவள் எந்த ஜெர்மன்காரன் முகத்தைப் பார்த்தாள்? ஆனாலும் தம்பி திரும்பி வந்ததில் இருந்த சந்தோஷத்தில் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

பள்ளியில் அவனுக்கு மாலை வகுப்பு ஒன்று கொடுத்தார்கள். செயலி செய்யலாம் என்று ஆசையோடு வந்த பிள்ளைகளை அவன் முதலில் கணினியைத் தொடவே விடவில்லை. அட்டைகளை வெட்டி, ஒவ்வொரு அட்டையிலும் ஒரு திரையைப் பென்சிலால் வரையச் சொன்னான். யாராவது அட்டையில் இருக்கும் பொத்தானை விரலால் அழுத்தினால் அந்தப் பிள்ளை ஓடிப்போய் அடுத்த அட்டையை எடுத்து வைக்க வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் டோப்ரின்காதான். அவள் வேண்டாத இடத்தில் அழுத்துவாள். பிள்ளைகள் அங்கே இல்லை, இங்கே என்று துடிப்பார்கள். வெலின் விடமாட்டான். கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு பார்க்கச் சொல்வான். அவள் தப்பு செய்யவில்லை, நீங்கள் பொத்தானைத் தப்பான இடத்தில் வைத்திருக்கிறீர்கள் என்பான். வாழ்நாளில் முதல்முறையாகத் தன் தடுமாற்றம் ஒருவருக்குப் பயன்படுவதை எண்ணி டோப்ரின்கா நன்றாகவே தடுமாறிக் கொடுத்தாள்.

நாலு வருஷம் இப்படி ஓடிற்று. அந்தக் குளிர்காலத்தில் தலைமையாசிரியர் தோதோர் பாலபானோவ் வெலினைக் கூப்பிட்டு, அந்த அறை வேறு வேலைக்கு வேண்டியிருக்கிறது என்றார். கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைகள் ஏற்கெனவே போனும் கையுமாகத் திரிகிறார்கள், அதற்கு ஒரு வாத்தியார் வேறா என்று பெற்றோர் அவரைப் பிடுங்கியிருந்தார்கள். திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டு, வாசல் வரை வந்து ஒன்று கேட்டார்.

"உங்க பிள்ளைங்களையும் உங்க அக்காவையும் தவிர, இதையெல்லாம் யாரு சார் யூஸ் பண்றாங்க?"

வெலினுக்கு அது சுருக்கென்று தைத்தது. சோஃபியாக் கம்பெனி அவனைத் திரும்ப அழைத்துக்கொண்டே இருந்தது. அவர்களும் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். வகுப்பு மூடினால் தம்பி மறுபடி பெட்டியைத் தூக்குவான் என்று டோப்ரின்காவுக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க அவள் தைத்த தையலெல்லாம் கோணிற்று.

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. ராதினா என்கிற பத்தாம் வகுப்புப் பெண்ணும் அவள் கூட்டாளிகளும் சேர்ந்து பெயர் நாள் செயலி ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு புனிதரின் நாளிலும் அவர் பெயரை வைத்துக்கொண்டவர்கள் யார் யார் என்று அது காலையில் மணியடித்துச் சொல்லும். அந்த ஊரில் பெயர் நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. விருந்தாளிகள் தாங்களாகவே போவார்கள், வீட்டுக்காரர் சாப்பாடு போட்டாக வேண்டும். மறந்துபோய்ப் போகாமலிருந்தால்தான் வருத்தம். ஜனவரி முழுக்கச் செயலியைச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். ஒரு புனிதர்கூடத் தவறவில்லை. வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகள் வீடு வீடாகப் போய், ஆசிரியர்கள் போனிலும் பெற்றோர் போனிலும் அதை ஏற்றிவிட்டு வந்தார்கள்.

சனிக்கிழமை காலை டோப்ரின்கா துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் மணியடித்தது. இன்று புனித தோதோர் நாள், தோதோர்களை வாழ்த்துங்கள் என்றது. எவ்வளவு அழகாக அடிக்கிறது என்று பெருமையாக இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால், எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் ரக்கியா என்கிற பழச் சாராய பாட்டிலோடு தலைமையாசிரியர் வீட்டுப் பக்கம் போகிறார். சற்றுப் பின்னால் வேதியியல் டீச்சர், மிட்டாய்ப் பெட்டியோடு. டோப்ரின்கா உடனே தம்பியின் வெள்ளைச் சட்டையைத் தேய்க்க எடுத்தாள்.

அப்போது வெலினின் போனில் ராதினா அழுதாள். புனித தோதோர் நாள் நிலையான தேதி இல்லை. ஈஸ்டரை வைத்துக் கணக்கிடுவது. ஈஸ்டர் கணக்கை அவள் இணையத்தில் கிடைத்த நிரலிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள். அது கத்தோலிக்கர்களின் ஈஸ்டர். இந்த ஊர்க்காரர்களின் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் இந்த வருஷம் ஐந்து வாரம் பிந்தி வருகிறது. ஜனவரியில் வந்ததெல்லாம் நிலையான நாட்கள் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

டோப்ரின்கா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினாள். பேசாமல் இருந்துவிடலாம், குடித்துவிட்டுப் போனவர்கள் திங்கட்கிழமைக்குள் மறந்துவிடுவார்கள் என்று தம்பிக்கு மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"அவர் வீட்டு வாசல்ல ஆள் வந்து நிக்குதுக்கா. நாம போகணும்," என்றான் வெலின்.

"சரி, போவோம். ஆனா பெயர் நாள் வீட்டுக்கு வெறுங்கையோட வரமாட்டேன்."

"அது பெயர் நாளே இல்லைன்னுதானே சொல்லப் போறோம்" என்று அவனே தனக்குச் சொல்லிக்கொண்டான். அதற்குள் அவள் அடுப்பிலிருந்த பனிட்சாவை, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அந்த அடையை, தட்டோடு துணியில் கட்டிவிட்டாள்.

தலைமையாசிரியர் வீட்டில் கட்டில் முழுக்கக் கோட்டுகள் குவிந்து கிடந்தன. அவர் மனைவி பென்கா தலையில் முடி சுருட்டும் கம்பிகளோடு, நிலவறையிலிருந்து ஊறுகாய் ஜாடிகளை வாரி வாரிக் கொண்டுவந்தாள். சொந்தப் பெயர் நாள்கூட நினைவில்லாத மனுஷன் என்று போகிற போக்கில் புருஷனைத் திட்டினாள். அவரோ வீட்டுச் செருப்பும் டையுமாக மேஜைத் தலைமாட்டில் உட்கார்ந்து, தானே மறந்துவிட்டதாக நம்பிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

வெலின் நின்றபடியே எல்லோருக்கும் கேட்க விஷயத்தைச் சொன்னான். வழியில் வந்து சேர்ந்துகொண்டிருந்த ராதினா அவன் பின்னாலிருந்து முன்னுக்கு வந்தாள்.

"தப்பு என்னோடது சார். நான்தான் பார்க்காம எடுத்துப் போட்டேன்."

கணக்கு வாத்தியார் முள்கரண்டியை மெல்லக் கீழே வைத்தார். எனக்கு அப்பவே சந்தேகம் என்றார். அப்புறம் ஏன் வந்தாய் என்று வேதியியல் டீச்சர் கேட்க, நீ வருவாயே, நான் மட்டும் வராவிட்டால் நன்றாக இருக்குமா என்றார். அவளோ அவர் போவதைப் பார்த்துத்தான் கிளம்பியிருந்தாள். அவளைப் பார்த்து வந்தவர் ஒருவர், அவரைப் பார்த்து வந்தவர் இன்னொருவர். மேஜையைச் சுற்றி ஒவ்வொருவராக ஒப்புக்கொள்ள ஒப்புக்கொள்ளச் சிரிப்பு கூடிக்கொண்டே போயிற்று. தோதோர் மட்டும் சிரிக்கவில்லை. மூடியைத் திருகிப் பாட்டிலை மூடலாமா என்று யோசிப்பவர் போல அதையே பார்த்தார்.

பென்கா ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு ராதினாவிடம் வந்தாள்.

"அப்போ இவருக்கு நிஜமான நாள் எப்போடி?"

ராதினா கையோடு கொண்டுவந்திருந்த மடிக்கணினியைத் திறந்து, நிரலைத் திருத்தி, மார்ச் இருபத்துமூன்று என்றாள். அன்றைக்கும் எல்லோரும் வருவார்களா என்று பென்கா கேட்டாள். வராமல் எப்படி என்றார்கள் விருந்தாளிகள். அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தே விட்டாள்.

"சரி. இதுல என் பேர் இருக்கா பாரு. ஜூன் கடைசில, புனித பேதுரு நாளுக்கு. பென்காவும் பேதுருவிலேர்ந்து வந்த பேருதான். இத்தனை வருஷத்துல ஒரு ஆளு எனக்குன்னு வந்ததில்லை."

ராதினா தேடினாள். பென்கா என்ற பெயர் பட்டியலிலேயே இல்லை. முகம் சிவக்க அங்கேயே சேர்த்தாள். பென்கா தன் பெயரைத் திரையில் இரண்டு தரம் வாசித்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஜூன்ல இது அடிக்குமா? திங்கக்கிழமை இந்த வகுப்பை மூடப் போறேன்னு ராத்திரியெல்லாம் சொல்லிட்டிருந்தீங்களே."

மேஜையில் இருந்த அத்தனை முகமும் அவர் பக்கம் திரும்பிற்று. டோப்ரின்கா பனிட்சாத் தட்டைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள். தோதோர் டையைத் தளர்த்தினார்.

"நான் ஒரு மீட்டிங் போட்டா பாதிப் பேர் வர்றதில்லை. இது ஒரு மணியடிச்சுது, காலையிலேயே ஊரே என் வீட்ல," என்றார். "யாரு யூஸ் பண்றாங்கன்னு கேட்டேன். என் ரக்கியாவெல்லாம் தீர்த்துட்டுப் பதில் சொல்லிட்டாங்க. வகுப்பு நடக்கட்டும் வெலின். பெற்றோர் கூட்டத்துக்கும் இப்படி ஒண்ணு செஞ்சு குடுங்க. தேதி மட்டும் சரியா இருக்கட்டும்."

பென்கா எழுந்து டோப்ரின்காவின் கையிலிருந்த தட்டை வாங்கி வெட்டத் தொடங்கினாள். ராதினாவுக்குத்தான் முதல் துண்டு போயிற்று. வெலின் சுவரோரமாக நின்று சோஃபியாக் கம்பெனிக்கு இரண்டு வரியில் பதில் எழுதினான். டோப்ரின்கா பக்கத்தில் போய், மறைக்காமல் எட்டிப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக முழுசாக வாசித்து முடித்தாள். அப்புறம், அனுப்பு என்றாள்.