பவர் போட்ட கூலிங் கிளாஸ்

மோட்டார் வாகன விதி தெளிவாகத்தான் இருந்தது. லைசென்ஸ் கேட்கிறவர் நல்ல பகல் வெளிச்சத்தில், இருபத்தைந்து கஜ தூரத்திலிருந்து ஒரு நம்பர் பிளேட்டைப் படிக்க வேண்டும். கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியோடு படிக்கலாம். அந்தக் கண்ணாடி வெள்ளையா, பச்சையா, கறுப்பா — அதைப் பற்றி விதி வாயே திறக்கவில்லை.

விதி வாய் திறக்காத இடத்தில் அதிகாரி திறப்பார். இத்தனை வருஷம் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். 'மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன். கண்ணில் பவர் வந்துவிட்டது. எந்த மாதிரி கண்ணாடி வாங்கலாம்?' என்னிடம் போய் ஏன் கேட்டார்? நான் ஓட்டியதெல்லாம் ஃபைல்தான். இருந்தாலும் பதில் தெரியும்... தேவசகாயம் புண்ணியத்தில்.

தேவசகாயம், விரிஞ்சிபுரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் செலக்டர். பதனிட்ட தோலை மேஜையில் விரித்து, உண்ணி கடித்த தழும்பு, கத்தி பட்ட கீறல் எல்லாம் பார்த்து, இது முதல் ரகம், இது மூன்றாம் ரகம் என்று பிரிக்கிற வேலை. எழுபதுகளின் நடுவில், காலை ஏழு மணி ஷிப்டுக்கு தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் சாயந்திரம், பஸ் ஸ்டாப்பில் நின்று கை காட்டிய ஒரு பெண்மணியைக் கண்டுகொள்ளாமல் நேரே போய்விட்டார். அந்தப் பெண்மணி அவருடைய மனைவி கிருபை. வேலூரில் நர்ஸ். டியூட்டி முடிந்த களைப்பில் நின்றிருந்தவர்.

"கட்டின பொண்டாட்டியே தெரில. எதிர்ல லாரி வந்தா இன்னா தெரியும்?" தெரு முழுக்கக் கேட்டது.

மறுநாளே கண் டாக்டரிடம் இழுத்துப் போனார். கிட்டப்பார்வை. அதாவது, கிட்டே இருப்பது பளிச். எட்ட இருப்பது புகை. "தோல் பாக்கறதுக்கு உங்க கண்ணு போதும். வண்டி ஓட்டறப்ப மட்டும் கண்ணாடி போடுங்க" என்றாராம் டாக்டர்.

இதைக் கம்பெனியில் யாரிடம் போய் விளக்குவது? செலக்டர் கண்ணாடி போட்டால் கண் போச்சு, கண் போனால் வேலை போச்சு — அங்கே தெரிந்த கண் மருத்துவம் அவ்வளவுதான். அந்த மேஜையில் முன்பு இருந்தவர் கண்ணாடி போட்ட மாதமே குடோன் காவலுக்கு அனுப்பப்பட்டார்.

வேலூர் பஜாருக்கு நானும் கூடப் போனேன். கண்ணாடிக் கடை பாய் விஷயம் தெரிந்தவர்.

"தோஸ்த், ரோட்டுக்குன்னா நான் சொல்றத கேளு. வெள்ளை கிளாஸ். கொஞ்சம் பெருசா. தூசி கம்மியா வரும். காதைச் சுத்திப் புடிக்கற கம்பி. வண்டி குழில குதிச்சாலும் மூக்க வுட்டு எறங்காது."

"வாத்தியார் மாதிரி இருக்குமே பாய்?"

"வாத்தியாருங்கல்லாம் உசுரோடதான் கீறாங்க."

தேவசகாயம் கேட்கவில்லை. பச்சைக் கண்ணாடியில் பவர் வைத்துத் தரச் சொன்னார். வழியில் யாராவது பார்த்தால் ஸ்டைல் என்று நினைத்துக்கொள்வார்கள். கம்பெனி கேட்டுக்கு முன்னால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். பாய் தலையில் அடித்துக்கொண்டே செய்து கொடுத்தார்.

நாற்பது தாண்டிய வயதில், மூன்று பிள்ளைகளுக்கு அப்பா, கூலிங் கிளாஸ்! தெருவில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனுஷனுக்குப் பயம் வந்தால் எந்த வேஷத்தையும் போடுவான்.

லைசென்ஸ் புதுப்பித்தபோது 'கண்ணாடி அணிந்து ஓட்ட வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் சுகமாகப் போனது. அப்புறம் பள்ளிகொண்டா தாண்டி பிரேக் இன்ஸ்பெக்டர் கை காட்டினார்.

"லைசென்ஸ்ல கண்ணாடின்னு போட்டிருக்குது. நீ இன்னா கூலிங் கிளாஸ் மாட்டிகினு வர்றே?"

"சார், இதுலயே பவர் இருக்குது சார்."

"பவர் எங்கிட்டதான்யா இருக்குது."

சந்தேகம் தீர, வாங்கித் தன் மூக்கில் மாட்டிப் பார்த்தார். தலை சுற்றியது. "இருக்குதுதான்... ஆனா கலர் கண்ணாடி செல்லும்னு எங்க எழுதிருக்குது?" லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார். ஒன்று, வெள்ளைக் கண்ணாடியோடு வந்து லைசென்ஸை வாங்கிக்கொள். இல்லையென்றால், மேலிடத்திலிருந்து விளக்கம் எழுதி வாங்கி வா.

வெள்ளைக் கண்ணாடிக்குப் பயந்து தேவசகாயம் என்னிடம் வந்தார். நான் — சும்மா சொல்லக்கூடாது — பிரமாதமான மனு எழுதினேன். பொருள், பார்வை, மூன்று நகல், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். 'பவர் உள்ள நிறக் கண்ணாடி, விதியின் பொருளில் கண்ணாடியா, அல்லவா?'

"பதினஞ்சு நாள்ல பதில் வந்துடும்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்? அந்த மாதிரி மனுக்கள் என் மேஜையிலேயே எத்தனை தூங்கியிருக்கின்றன...

அதுவரை பஸ். முதல் பஸ் ஆம்பூர் போய்ச் சேரும்போது ஏழேகால். முதல் வாரம் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவது வாரம் தேவசகாயத்தைப் பார்த்தார். மூன்றாவது வாரம் சொல்லியே விட்டார். "இன்னும் ஒரு வாரம் பாப்பேன். அப்புறமும் லேட்டுன்னா அந்த மேஜைல வேற ஆளு."

அன்று சாயந்திரம் கிருபை வந்து நின்றார். "அண்ணா, உங்க மனுவுக்கு பதில் வரவரைக்கும் வேலை காத்துனு இருக்காது. நாளைக்கே பாய் கடைக்குப் போறோம்."

"கம்பெனில பாத்துட்டா?" என்றார் பின்னால் நின்ற தேவசகாயம்.

"பாக்கட்டும். லேட்டாப் போனா வேலை நிச்சயமா போவும். கண்ணாடி போட்டா போனாலும் போவும். எது மேல்?"

கணக்கு சரி. எனக்குத்தான் அது தோன்றாமல் போயிற்று.

அந்த வாரக் கடைசியில் வெள்ளைக் கண்ணாடி வந்தது, லைசென்ஸும் திரும்பியது. திங்கட்கிழமை ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே கம்பெனி கேட். கழற்றி ஒளிக்கலாம் என்று பார்த்தால், புதுக் கம்பி காதை விடவில்லை. பின்னாலேயே வந்த பேக்கிங் ஆள் பார்த்துவிட்டார்.

"இன்னா செலக்டரே, மூக்கு மேல ஜன்னல் வெச்சுட்டே?"

டீ நேரத்துக்குள் மேனேஜர் வரை போய்விட்டது. அவர் வந்தார். ஒரு தோலை எடுத்து மேஜையில் போட்டார். "பாத்து சொல்லு."

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றினார். தோலை முகத்துக்குக் கிட்டே தூக்கினார்.

"முதுகுல உண்ணிக் கடி மூணு. வயித்துப் பக்கம் ஒரு கீறல், ஃபினிஷிங் பூச்சு மூடியிருக்குது. மூணாம் ரகம் சார்."

மேனேஜர் பூதக்கண்ணாடியை எடுத்தார். அதிலும் அவருக்கு இரண்டு கடிதான் தெரிந்தது. மூன்றாவதை தேவசகாயம் விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

"அப்ப இது எதுக்குய்யா?"

"ரோட்டுக்கு சார். தோலுக்கு இல்ல."

மேனேஜர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். பிறகு ஆளைக் கூப்பிட்டு, மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னார். கண்ணாடி மாட்டுவதற்கு.

ஆகவே வாசகரே — வெள்ளை கிளாஸ், கொஞ்சம் பெரியது, காதைச் சுற்றும் கம்பி. ஹெல்மெட் போடுகிறவர் என்றால் அந்தக் கம்பி சரிப்படாது; ஹெல்மெட்டையும் கடைக்கு எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். கலர் கண்ணாடி வேண்டுமானால் இரண்டாவதாக வாங்குங்கள், பகலுக்கு மட்டும். யாருக்குத் தெரியக் கூடாது என்று பயப்படுகிறீர்களோ, அவரிடம் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

என் மனு? அதற்கும் பதில் வந்தது. 'பார்வையில் கண்ட மனு பரிசீலிக்கப்பட்டது. பவர் உள்ள நிறக் கண்ணாடி அணிந்து பகலில் வாகனம் ஓட்ட ஆட்சேபணை இல்லை.' உரிய முத்திரை, உரிய கையெழுத்து, ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. வந்து சேர்ந்தது மறு வருஷம், ஆகஸ்ட் பதினாறாம் தேதி.