பெட்டியில் ஒரே உறை

என் அண்ணியை ஆபீஸில் எல்லோரும் 'சீல் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அரசாங்கக் கட்டட வேலைகளுக்கு டெண்டர் விடுகிற பிரிவில் அவருக்கு வேலை. என்ன கட்டப்போகிறார்கள், எந்தத் தேதிக்குள் விலை கொடுக்க வேண்டும் என்று அறிவிப்பு எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவார், வாசல் பலகையிலும் ஒட்டுவார். டெண்டர் பெட்டியைப் பூட்டி அரக்கு முத்திரை வைப்பார். குறித்த நேரம் வந்ததும் காண்டிராக்டர்கள் எல்லோர் முன்னாலும் உறைகளைப் பிரித்து, யார் என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று உரக்கப் படிப்பார். வீட்டில் அவர் குரலே கேட்காது. அங்கே போய்ப் பார்த்தால், அடேயப்பா, கடைசி வரிசையில் ஒருத்தன் கண் அசர முடியாது.

இவரைக் கட்டிக்கொண்ட என் அண்ணன் என்ன வேலை பார்க்கிறார் தெரியுமா? கட்டடக் காண்டிராக்டர்! டெண்டர் பிரிவில் இருப்பவர்களின் நெருங்கிய சொந்தம் அந்த ஆபீஸில் விலை போடக் கூடாது என்பது விதி. ஆக, அரசாங்கக் கட்டட வேலையை விட்டால் வேறொன்றும் தெரியாத மனுஷனுக்குச் சொந்த ஊரில் ஒரு சுற்றுச்சுவர் எழுப்பக்கூட வழியில்லை. கல்யாணமான நாளிலிருந்து வெளியூர் வெளியூராக அலைந்தார். ஞாயிற்றுக்கிழமை வருவார், துவைத்த துணி காய்வதற்குள் கிளம்பிவிடுவார். மாடியில் குடியிருக்கும் எனக்குப் பார்த்துப் பார்த்து வயிறு எரியும். "வேற பிரிவு கேளுங்களேன் அண்ணி" என்று நச்சரிப்பேன். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்மா, விட மாட்டேங்கறாங்க" என்பார்.

போன வருடம் அண்ணன் வேலை நடக்கிற இடத்திலேயே மயங்கி விழுந்துவிட்டார். சர்க்கரை. ஓட்டல் சாப்பாடு, தகரக் கொட்டகையில் படுக்கை, வேறென்ன ஆகும்? இனிமேல் இவரைத் தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறுநாளே அண்ணி மேலதிகாரி முன்னால் போய் நின்று அழுதே விட்டாராம். தபால் பிரிவுக்கு மாற்றல் கிடைத்தது.

கொஞ்ச நாளில் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி நூலகம் கட்டப்போகிறார்கள். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மறுபடி படித்தார். "நடந்தே போயிட்டு வந்துடலாம் போலிருக்கே" என்றார்.

"மத்தியானம் வீட்டுக்கு வந்தே சாப்பிடலாம்" என்றார் அண்ணி. சொல்லும்போதே புதுப்பெண் மாதிரி முகம் சிவந்துவிட்டது. எனக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

டெண்டர் திறக்கிற அன்று பெட்டியில் ஒரே ஓர் உறைதான் கிடந்தது. அண்ணனுடையது. அவர் விலையை வந்திருந்த எல்லோர் முன்னாலும் படித்தார்கள். சேதி தெரிந்ததும் நான் மாடிப்படியில் தடதடவென்று ஓடி வந்தேன். போட்டியே இல்லையே, இனி எவன் தடுப்பான்?

தடுத்தது யார் தெரியுமா? எங்கள் சீல் அக்கா!

டெண்டர் பிரிவில் அண்ணி இடத்துக்கு வந்திருந்த புது ஆளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதனால் ஆபீஸ் இன்ஜினியர் அண்ணியைக் கூப்பிட்டு, "விலை நியாயமாத்தான் இருக்கு. கையெழுத்துப் போட்டுடலாமாக்கா?" என்று கேட்டிருக்கிறார். "இல்ல சார். முதல் தடவை ஒண்ணே ஒண்ணு வந்தா ஏத்துக்கக் கூடாது. திரும்ப விளம்பரம் கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் மகராசி.

நான் சும்மா விடுவேனா? "உங்களுக்கென்ன பைத்தியமா அண்ணி? அண்ணன் விலைய ஊருக்கே படிச்சுக் காட்டியாச்சு. இனி எவன் வேணா கொஞ்சம் குறைச்சுப் போட்டு அள்ளிட்டுப் போவான்!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்னீங்க?"

"மத்தவங்க ஏன் போடலன்னு நினைக்கற? சீல் அக்கா புருஷன் போடறாரு, அவருக்குத்தான் கிடைக்கும்னு ஒதுங்கிட்டாங்க. இவர் போட்டது நேர்மையான விலை. பொண்டாட்டி வாங்கிக் குடுத்த வேலைன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிடக் கூடாது" என்றவர், அப்படியே தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார்.

அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "விடு. இன்னொரு தடவை போட்டாப் போச்சு. இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?" என்றார்.

இரண்டாம் முறை கூடம் நிரம்பி வழிந்ததாம். அண்ணன் முடிந்தவரை குறைத்தார். அதற்குமேல் குறைத்தால் சிமெண்டில்தான் கை வைக்க வேண்டும். அவர் விலைக்கும் கீழே ஒருவர் போட்டிருந்தார். நூலகம் அந்த ஆளுக்குப் போய்விட்டது. ஊரில் அடுத்த வேலை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? அண்ணன் மறுபடி தொலைதூர ஊரில் ஒரு பள்ளிக்கூட வேலையைப் பிடித்தார். நான் அண்ணியோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

அண்ணன் கிளம்புகிற அன்று பஸ் நிலையத்துக்கு நான்தான் போனேன். "பாருங்க, வழியனுப்பக்கூட உங்க பொண்டாட்டிக்கு மனசு வரல" என்று முணுமுணுத்தேன். அவர் மாத்திரைகளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது கூட்டத்தை இடித்துக்கொண்டு அண்ணி வந்தார். மூச்சு வாங்கியது. ஒரு கையில் பெரிய பை, இன்னொரு கையில் குக்கர்.

"இதெல்லாம் எதுக்கு? நான் எங்க சமைக்கப் போறேன்?" என்றார் அண்ணன்.

"நீங்க எதுக்குச் சமைக்கணும்? சேர்ந்து கிடந்த லீவையெல்லாம் எழுதிக் குடுத்துட்டேன். இப்பத்தான் கையெழுத்தாச்சு. லீவு முடிஞ்சா வேலையையே விட்டுடறேன். உங்களால இங்க வர முடியல, நான் அங்க வர்றேன்" என்று சொல்லி, வீட்டுச் சாவியை என் கையில் திணித்தார். பேசாமல் இருந்த நாட்களுக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அண்ணன் அவரைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். தனக்கு மட்டும்தான் டிக்கெட் எடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பையை அப்படியே போட்டுவிட்டு, டிக்கெட் கொடுக்கிற இடத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.

"ஏங்க, ஓடாதீங்க! மயக்கம் வந்துடப்போகுது" என்று கத்திக்கொண்டே அண்ணி அவர் பின்னால் ஓடினார்.