ஐந்து பேர் சேர்ந்தால்தான் வகுப்பு

போன வாரம் சம்மர் செமஸ்டர் ரிசல்ட் வந்தது. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். கெமிஸ்ட்ரி டீச்சருக்குக் கண் கலங்கக் கூடாதா என்ன?

சம்மர் செமஸ்டர் தெரியும்தானே? இரண்டு செமஸ்டருக்கு நடுவே, மே மாத லீவில், விட்டுப்போன பேப்பரை ஒரே மூச்சில் படித்து எழுதிவிடலாம். காலையில் தெர்மோடைனமிக்ஸ், மத்தியானம் மறுபடியும் தெர்மோடைனமிக்ஸ்... வெளியே விருத்தாசலத்துக் கத்திரி வெயில்.

இந்த வருடம் என் பேப்பருக்குப் பெயர் கொடுத்தது ஒரே ஒருத்தி. மங்கலம்பேட்டை ஷமீமா, இரண்டாம் வருட மாணவி. பிரசவத்தால் இந்த ஒரு பேப்பரில் மட்டும் அட்டெண்டன்ஸ் குறைந்து பரீட்சை எழுத முடியாமல் போனவள். விதியோ, ஐந்து பேர் சேர்ந்தால்தான் வகுப்பு.

“ஒருத்திக்காக நடத்த முடியாதும்மா. அடுத்த வருஷம் ஜூனியருங்களோட உக்காந்து படிச்சுக்க” என்றார் பிரின்சிபால்.

வெளியே வந்தவள் என்னிடம் அழவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

“இன்னும் ஒரு வருஷம்னா மாமியே புள்ளய பாத்துக்குவாங்க மேடம். ரெண்டு வருஷம்னா, எங்க வூட்டுக்காரரு துபாய்க்குக் கூப்டுக்குவாரு. அப்புறம் எங்க படிக்கறது?”

மறுநாள்தான் பெயர் கொடுக்கக் கடைசி நாள். அவள் வகுப்புத் தோழி கலைச்செல்வி, கருவேப்பிலங்குறிச்சிப் பெண், இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“நாங்களும் சேந்துக்கறோம் மேடம். இம்ப்ரூவ்மென்ட்டுக்கு.”

“நீங்க நாலு பேருமே நல்ல மார்க்தானே எடுத்திருக்கீங்க?”

“பத்தல மேடம்” என்றாள் கலைச்செல்வி. மற்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

பொய் சொல்லத் தெரியாத பிள்ளைகள். நாலு பெயரையும் எழுதிக்கொண்டேன்.

வகுப்பு நடந்தது. லீவில் செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிக்கப் போகும் கலைச்செல்வி, அந்த வேலையைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டாள். ஷமீமாவின் மாமியார் தினமும் கூடவே பஸ் ஏறி வந்து, வாசல் வேப்பமரத்தில் தூளி கட்டிப் பேரனைத் தூங்க வைத்தார். குழந்தை அழுதால் ஷமீமா எழுந்து போவாள். அவள் திரும்பி வருவதற்குள் நாலு பேரில் ஒருத்தி அவளுக்கும் சேர்த்து நோட்ஸ் எழுதியிருப்பாள்.

ஒருநாள் அந்த அம்மாவிடம், “உங்களுக்குச் சிரமமா இல்லையா?” என்று கேட்டேன்.

“வூட்ல இருந்தாலும் இவனத்தான் பாக்கணும். இங்க காத்தாவது வருது” என்று சிரித்தார்.

நன்றி என்ற சொல்லை அங்கே யாரும் உச்சரித்து நான் கேட்கவில்லை. செய்தவர்களுக்கும் அது உதவியாகத் தெரியவில்லை, பெற்றவளுக்கும் அது கடனாகத் தெரியவில்லை. நமக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் கைகூப்பாமல் ஒரு நாள் ஓடுகிறதா?

சரி, ரிசல்ட்? ஷமீமா பாஸ். நல்ல மார்க்கில் பாஸ். ஜூனில் தன் செட்டோடு மூன்றாம் வருடம் போகிறாள். கலைச்செல்விக்கு மட்டும் முன்பு வாங்கியதைவிட மார்க் குறைந்துவிட்டது. அவளுக்குப் போன் போட்டேன்.

“பழைய மார்க்கத்தான் எடுத்துக்குவாங்க, கவலப்படாத.”

“எனக்கென்ன மேடம் கவல? பாஸாவ வேண்டியவ பாஸாயிட்டா.”

என்னிடம் படித்தும் ஒருத்திக்கு மார்க் குறைந்ததற்காக நான் சந்தோஷப்பட்டது... இதுதான் முதல் தடவை.