பழைய சான்றிதழ்

பவர் பேங்க் தொழிற்சாலையில் ஏற்றுமதிச் சான்றிதழ்களைக் கவனிப்பவள் அவள். சோதனைக்கூடத்தில் தேறியது பழைய பேட்டரி. போன மாதத்திலிருந்து உள்ளே போடுவது மலிவான வேறொன்று. மாற்றினால் மறுபடியும் சோதிக்க வேண்டும் என்று தெரிந்தும், பழைய சான்றிதழையே இணைத்துக் கையெழுத்துப் போட்டு இரண்டு லோடு அனுப்பிவிட்டாள்.

வெளிநாட்டிலிருந்து தங்கை ஃபோனில் பேசினாள். “அக்கா, புதுசா வந்திருக்குன்னு உங்க கம்பெனி பவர் பேங்க்தான் வாங்கினேன். பாப்பா தலைமாட்டுலதான் கிடக்கு.”

“அதை முதல்ல எடுத்து வெளியே வைடி!”

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. மற்ற வீடுகளுக்கு யார் ஃபோன் செய்வார்கள்?

மறுநாள் மேனேஜர் முன்னால் போய் நின்றாள். “சார், பழைய சர்டிபிகேட்டோட போன ரெண்டு லோடையும் திருப்பி வரவழைக்கணும்.”

“காலங்காத்தால ஏம்மா தலையில கல்லைப் போடுற? கையெழுத்துப் போட்ட புண்ணியவான் யாரு?”

“நான்தான் சார்.”