புவனேஸ் அக்காவின் வலக்கால்

சென்ற திங்கட்கிழமை காலை புவனேஸ் அக்காவின் மகள் அழைத்தாள். "அன்ரி, அம்மா போயிட்டா. கோயிலுக்கு நடந்து போட்டு வந்து தேத்தண்ணி கேட்டவா. ஊத்திக்கொண்டு வாறதுக்குள்ளை கதிரையிலை இருந்தபடியே..." எனக்கும் அழுகை வந்தது. ஆனால் 'நடந்து போட்டு வந்து' என்ற சொல் என்னைத் தேற்றியது. ஏன் என்று எங்களோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

உடுப்பிட்டிப் பக்கத்தில் நாங்கள் இருவரும் கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் குடும்பநல மாதுக்களாக இருந்தோம். ஸ்கூட்டியைத் தெருவில் விட்டுவிட்டு, பிள்ளை பெற்ற வீடுகளுக்கு ஒழுங்கைகளுக்குள் நடந்தே போவோம். ஓய்வுபெறச் சில ஆண்டுகள் இருந்தபோது அக்கா வீட்டு வாசல்களில் படலைக்குப் படலை நின்று கதைக்கத் தொடங்கினார். மாமரம் காய்த்ததா, ஆடு குட்டி போட்டதா என்றெல்லாம் விசாரிப்பார். வயது போகப் போக வாய் கூடுகிறது என்று நானே சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் ஆளில்லாத வளவின் வேலியருகிலும் நின்றார்.

"இஞ்சை ஆரோடை கதைக்கப் போறியள்?"

அவர் சிரிக்கவில்லை. "கெண்டைக்கால் இறுகி நோகுதடி. நிண்டால் விட்டிடும். நடந்தால் திரும்பப் பிடிக்கும்."

வலக்கால் செருப்பைக் கழற்றச் சொன்னேன். பெருவிரல் நுனியில் ஆறாத புண். பாதம் சில்லிட்டிருந்தது. கர்ப்பிணிகளின் கால்களில் வீக்கம் இருக்கிறதா என்று நாள்தோறும் அழுத்திப் பார்த்தவர், தன் காலை மாதக்கணக்காக மறைத்திருந்தார்.

"காட்டினால் வெட்டிப்போடுவினம்" என்பதே அவருடைய பயம். அவருடைய தகப்பனுக்குச் சலரோகத்தால், அதாவது நீரிழிவால், கால் எடுத்திருந்தார்கள். கெஞ்சித்தான் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சத்திரசிகிச்சை நிபுணர் சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, தொடையிலை ரத்தக்குழாய் அடைச்சுப்போச்சு. உங்கடை காலிலை இருந்தே ஒரு நாளத்தை எடுத்து, அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு வேறை பாதை போடுவம். சரிவரும் எண்டு சத்தியம் பண்ண மாட்டன். ஆனால் பிந்தினால் கால் தப்பாது."

அக்கா குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். பிறகு, "அப்ப நாளைக்கே செய்யுங்கோ" என்றார்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு என்னை உள்ளே விட்டபோது, போர்வைக்கு வெளியே அந்தப் பாதம் தெரிந்தது. "தொட்டுப் பாரடி" என்றார். சூடாக இருந்தது. பிடித்தபடியே அழுதுவிட்டேன்.

"என்னடி, செத்தவீடு மாதிரி? கால் உயிரோடைதான் கிடக்கு."

புண் ஆற மாதங்கள் எடுத்தன. பிறகு கண்டவர்களிடமெல்லாம் சொல்லுவார்: "நோகுதெண்டால் வாயைத் திறந்து சொல்லுங்கோ. நான் ஊர்க்கதை கதைச்சே காலைத் துலைக்கப் பாத்தனான்."

அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது நோவைச் சொல்ல வெட்கப்படாத அந்தக் குணத்தைத்தான். செத்தவீடு முடிந்த மூன்றாம் நாள், நான் வழக்கமாகப் போய்க் காட்டி மருந்தெடுக்கும் கிளினிக் நாள். வேறு ஏதும் கரைச்சல் இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். எப்போதும் 'ஒண்டுமில்லை' என்று எழும்பிவிடுகிறவள் நான். இம்முறை எழும்பவில்லை.

"ஓம் டொக்டர், இருக்கு. படியேறினால் மூச்சு வாங்குது" என்றேன்.